நரி விரட்டும் தூக்கமும், ஆள் முகம் தெரியும் பகல் கனவும்

கைக்குழந்தை தூக்கத்தில் சிரித்தாலும் சிணுங்கினாலும் எங்கள் பக்கத்தில் "நரி விரட்டுது" என்பார்கள். அதே குழந்தை வளர்ந்து, வகுப்பில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் "என்ன, பகல் கனவா?" என்று தலையில் ஒரு குட்டு விழும். ராத்திரி வருகிற கனவுக்கு நரியைக் காரணம் சொல்லி விட்டுவிடுகிறோம். பகலில் வருவதற்கு மட்டும் நம்மையே குற்றம் சொல்கிறோம். இந்த இரண்டையும் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து எடுத்த குறிப்புகளை இங்கே கோத்து வைக்கிறேன். எனக்கு இதில் ஒரு கேள்வி இருக்கு: நல்லது செய்வதாகக் கனவு காண்கிறவன் நிஜத்தில் நல்லது செய்வானா, இல்லை கனவோடு திருப்தியாகி விடுவானா?

முதலில் ராத்திரிக் கனவு.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தூங்குகிறவர்களின் கண் பக்கத்தில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார். சோதனைக்கு ஆள் தேடி அவர் வெகுதூரம் போகவில்லை. சொந்த மகனையே படுக்க வைத்தார். மூடிய இமைக்குள் கண்கள் சில நேரம் படபடவென்று ஓடுவது தெரிந்தது. அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவு சொன்னார்கள். அவரும் அவருடைய ஆசிரியர் நதானியேல் கிளைட்மனும் 1953-ல் இதை வெளியிட்டார்கள். இதற்குத்தான் ரெம் தூக்கம் என்று பேர். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு தடவை இது வரும், விடியப் விடிய நீளும். பிறந்த குழந்தைக்கோ தூக்கத்தில் பாதி இந்த மாதிரித் தூக்கம்தான். நரி அங்கே அடிக்கடி வருவதில் ஆச்சரியமில்லை.

சரி, கனவு ஏன் இவ்வளவு கோமாளித்தனமாக இருக்கு? என் குறிப்பு நோட்டிலிருந்து ஒன்று. டவுன் பஸ்ஸில் போகிறேன். எட்டாம் வகுப்பில் தமிழ் எடுத்த ஐயாதான் கண்டக்டர். புணர்ச்சி விதி சொன்னால்தான் டிக்கெட் கிழிப்பேன் என்கிறார். பக்கத்து சீட்டில் ஒரு எருமை உட்கார்ந்திருக்கு, ஜன்னலோரம். எனக்கு அதில் எதுவுமே வினோதமாகப் படவில்லை. என் கவலையெல்லாம் கையில் சில்லறை இல்லையே என்பதுதான்.

முழித்த பிறகு சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கனவுக்குள் நான் சிரிக்கவே இல்லை. இதுதான் விஷயம். ரெம் தூக்கத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிகளில், குறிப்பாக "இது சரியா, நடக்குமா?" என்று தணிக்கை செய்கிற இடத்தில், வேலை குறைந்து போகிறது. உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா போன்ற பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், நாடகக் கொட்டகை திறந்திருக்கு, நடிகர்கள் எல்லாரும் மேடையில் இருக்கிறார்கள், விமர்சகர் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டார். பொருந்தாத இரண்டைப் பார்த்து "இது பொருந்தாதே" என்று கண்டுகொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் காலையில்தான் டியூட்டிக்கு வருகிறார். சிரிப்பும் அப்போதுதான் வருகிறது.

சரக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பழைய ஸ்டாக்தான். ஃப்ராய்ட் 1900 என்று ஆண்டு அச்சிட்டு வந்த தன் கனவுப் புத்தகத்தில், முந்தின நாளின் மிச்சங்கள் கனவில் வருவதை விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய மற்ற விளக்கங்களை ஏற்காதவர்கள்கூட இந்த ஒன்றை மறுப்பதில்லை. முந்தின நாள் சில்லறைக்காக ஒரு கண்டக்டரிடம் நான் பாட்டு வாங்கியதும் உண்மை, அக்கா மகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்ததும் உண்மை. எருமைக்கு மட்டும் கணக்கு தெரியவில்லை.

ராத்திரிக் கனவில் நாம் பார்வையாளர். கதையை நாம் எழுதுவதில்லை. பகல் கனவு அப்படி இல்லை. விமர்சகரும் முழித்திருக்கிறார், கதை கை மீறினால் நிறுத்தலாம், திருப்பலாம்.

பகல் கனவை மரியாதையாக ஆராய்ந்த முதல் ஆட்களில் ஒருவர் ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1966-லேயே இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். பகல் கனவுப் பழக்கத்தில் அவர் மூன்று வகை பார்த்தார். ஒன்று, கவனம் நிற்காமல் அலைவது. இரண்டு, குற்ற உணர்ச்சியும் பயமுமாகச் சுழல்வது. மூன்று, திட்டமும் கற்பனையும் கலந்த ஆக்கபூர்வமான கனவு. குட்டு வாங்கவேண்டியது முதல் இரண்டுதான். மூன்றாவதும் சேர்ந்து வாங்குகிறது.

குட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது "இப்ப என்ன செய்யறீங்க, மனசு எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். கேட்ட நேரத்தில் 46.9 சதவீதம் மனசு வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்தபோது மக்கள் பொதுவாக அவ்வளவு சந்தோஷமாக இல்லை. இனிமையான விஷயத்தை நினைத்தபோதுகூட, கையில் இருக்கும் வேலையில் இருந்ததைவிடக் கூடுதல் சந்தோஷம் இல்லை. ஆக, சந்தோஷத்துக்காகப் பகல் கனவு காண்பது நஷ்ட வியாபாரம். வேறு எதற்கு உபயோகம்?

இங்கேதான் கருணை வருகிறது. ஹார்வர்டில் டேனியல் ஷாக்டரும் பிரெண்டன் கேசரும் 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். யாரோ ஒருவர் கஷ்டத்தில் இருக்கும் சின்னச் சின்ன நிலைமைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலரை, அந்த ஆளுக்குத் தாங்கள் உதவுவதை ஒரு காட்சியாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வேறு வேலை. கற்பனை செய்தவர்களிடம் உதவும் விருப்பம் கூடுதலாக இருந்தது. காட்சி எவ்வளவு துல்லியமோ, விருப்பமும் அவ்வளவு. ஆனால் இங்கே அளந்தது விருப்பத்தை. விருப்பத்துக்கும் செயலுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது.

அந்த ஆற்றைக் காட்டியவர் காப்ரியேல் ஓட்டிங்கன். ஆசைப்பட்டது கைகூடிவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்கிறவர்கள் அதற்கான உழைப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் பல ஆய்வுகளில் பார்த்தது. பாயசம் குடித்த மாதிரி ஆகிவிடுகிறது, பசி போய்விடுகிறது. அவர் சொல்லும் வழி, ஆசையோடு சேர்த்துத் தடையையும் நினைப்பது. அவருடைய கணவர் பீட்டர் கோல்விட்சர் சொல்வது, "இந்த நேரம் வந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது.

இதைப் படித்த பிறகு என் பகல் கனவுகளையே எடுத்துப் பார்த்தேன். ஒரு வகையில் எனக்கு விழா நடக்கும். சால்வை, கைதட்டல், ஏற்புரை எல்லாம் இருக்கும். நான் யாருக்கு உதவினேன் என்பது மட்டும் அதில் இருக்காது. உதவி பெற்றவருக்கு முகமே கிடையாது. இன்னொரு வகை, பார்வையில்லாத மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது பற்றியது. அதில் ஒரு பையன் இருந்தான். ஃபேன் சத்தம் இருந்தது. அவன் சொல்வதை நான் "திருத்தி" எழுதிவிடக் கூடாதே என்ற பயம் இருந்தது. கணக்குப் பரீட்சை என்றால் என்ன செய்வது என்ற தடுமாற்றமும் இருந்தது. முதல் கனவு பல வருஷமாக ஓடியும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியதில்லை. இரண்டாவது கனவு வந்த வாரமே போன் பண்ணி, எந்தத் தேதிகளில் ஆள் தேவை என்று கேட்டேன். இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று தேர்வு எழுதிக் கொடுக்கிறேன். பெரிய சாதனை இல்லை. எந்தக் கனவு வேலை செய்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி, அவ்வளவுதான்.

பெரிய சாட்சிகளும் இருக்கு. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். அவருக்கு இருந்த பகல் கனவு வேடிக்கையானது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடை எங்கே போனாலும் ஒரே முறையில் ஒரே தரத்தில் பண்டம் தருவதைப் பார்த்து, கண்புரை அறுவையையும் ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று நினைத்தார். கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் கனவுக்குள் விவரம் இருந்தது: ஒரு டாக்டர், இரண்டு மேஜை, ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயார். காசு கொடுப்பவர் வருமானத்தில் காசு இல்லாதவருக்கும் பார்வை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை தடையாக நின்றபோது, 1992-ல் ஆரோலேப் தொடங்கி அவர்களே செய்தார்கள்.

நம் பழைய கதையிலும் இதற்கு ஒரு ஜாடை இருக்கு. பெரியபுராணத்துப் பூசலார் திருநின்றவூர்க்காரர். கோயில் கட்டக் காசு இல்லை, மனசுக்குள் கட்டினார். சேக்கிழார் அதைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: நிதி சேர்த்து, தச்சர்களைத் திரட்டி, நல்ல நாளில் அடித்தளம் போட்டு, மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாக, ராத்திரி தூங்காமல். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த அரசன் கனவில் சிவன் வந்து, நாளைக்கு நான் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ தேதியை மாற்று என்கிறார். ஒருவர் முழித்திருந்து கண்ட கனவு, தூங்குகிறவர் கனவில் சேதியாகப் போகிறது. அது பக்திக் கதைதான், உதவிக் கதை இல்லை. ஆனால் பூசலார் கனவில் கிணறு வெட்டுவது இருக்கு. பாராட்டு விழா இல்லை.

இது பழகினால் வரக்கூடியதா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெலன் வெங், ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு வரும் என்கிறது. தினம் அரை மணி, இரண்டு வாரம். வேண்டியவர், தான், முன்பின் தெரியாதவர், பிடிக்காதவர் என்று ஒவ்வொருவராக நினைத்து, அவர் துன்பம் தீரட்டும் என்று மனசில் எண்ணுவது. பௌத்தர்களின் மைத்ரி தியானத்துக்கு நெருங்கிய சொந்தம். பயிற்சிக்குப் பிறகு ஒரு பண விளையாட்டில், ஏமாற்றப்பட்ட ஒருவருக்காக இவர்கள் தங்கள் காசை, வேறு பயிற்சி பெற்றவர்களைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். இங்கே அளந்தது வெறும் விருப்பம் இல்லை, கைக்காசு.

ஆகவே என் குறிப்பின் சாரம் இது. ராத்திரி வருகிற எருமையை ஆராய வேண்டாம். காலையில் வீட்டில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துவிட்டால் போதும். பகல் கனவை மட்டும் கொஞ்சம் சோதித்துப் பாருங்க. அதில் உதவி வாங்குகிறவருக்கு முகம் இருக்கா? இடைஞ்சல் ஒன்றாவது இருக்கா? கிழமையும் நேரமும் இருக்கா? மூன்றும் இருந்தால் அந்தக் கனவைக் கலைக்காதீங்க. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கும் பிள்ளையையும், குட்டுவதற்கு முன்னால், என்ன யோசிக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்க.