பதினாறரை மில்லிமீட்டர் அமெரிக்கா

ரயில் மாதிரி அமைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவது ஸ்ரீரங்கத்துக்குப் புதிய பழக்கமல்ல. அதற்குத் தனியாக ஒரு பெயர் வைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நவராத்திரி வந்தால் கொலுப்படிகளுக்குப் பக்கத்தில் கூடத்துத் தரையில் ‘பார்க்’ போடுவார்கள். பொம்மைகள் பெண்களின் பொறுப்பு, பார்க் பையன்களுடையது. ஆற்று மணலைச் சலித்துப் பரப்பி, கேழ்வரகையும் கடுகையும் சில நாள் முன்னதாகவே விதைத்து முளைக்கவிட்டால் அது புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளம். களிமண்ணைக் குவித்து உச்சியில் ஒரு பிள்ளையாரை உட்காரவைத்தால் மலைக்கோட்டை. அதைச் சுற்றி, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்த ரயிலுக்கு ஒரே பாதைதான், வட்டம். முழுச் சாவி கொடுத்தால் சில சுற்று ஓடும். பிறகு தளர்ந்து நிற்கும். ஸ்டேஷன் சோப்பு அட்டையில் செய்தது. சிக்னல் தீக்குச்சியில். பிள்ளையார் எஞ்சினைவிடப் பெரியவராக இருப்பார், செட்டியார் பொம்மை ஸ்டேஷனைவிட உயரமாக நிற்பார். அளவுப் பொருத்தத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகளும் சுண்டலுக்கு வந்த பிள்ளைகளும் பார்த்தது ஒரு ஊர். அந்த ஊர் எது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே ஊரில், சித்திரை வீதிக்கு அருகே ஒரு வீட்டு மாடியறையில் நான் பார்த்த மாதிரி ரயிலில் ஊர் வேறு. பன்னிரண்டு அடிக்கு நாலடி ஒட்டுப்பலகை மேசை. ஒரு கோடியில் செம்பழுப்புப் பாறை மலை, அதன் நடுவே சுரங்கம், பள்ளத்தின் மேல் குச்சி குச்சியாய் மரக்கால்கள் தாங்கும் பாலம். மறுகோடியில் தானியக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, தூசியடைந்த ஒரு சிற்றூர்க் கடைத்தெரு. கொலராடோ மலைப்பகுதியை மனதில் வைத்துச் செய்தது. செய்தவர் பொன்மலை டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. மகன் அங்கே இருக்கிறான்; ரயில் அவன் பெட்டியில் வந்தது.

இந்த வட்டாரத்தில் அமெரிக்க மாதிரி ரயில் பெரும்பாலும் இப்படித்தான் வந்திருக்க முடியும். 1991-க்கு முன் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் என்பது சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருபவர் கையோடு கொண்டுவந்தால் உண்டு. பிறகு ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் கலிபோர்னியாவுக்கும் நியூ ஜெர்ஸிக்கும் கணினி வேலைக்குப் போனார்கள். விடுமுறைக்கு வரும்போது பேரனுக்கென்று பாக்மன் பெட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். பெட்டியைப் பேரனிடமிருந்து தாத்தா வாங்கிக்கொண்டார். பிலடெல்பியாவில் 1833-இல் தொடங்கிய நிறுவனம் அது. இப்போது ஹாங்காங்காரர்கள் கையில் இருக்கிறது.

அப்படி வந்த ரயில்களில் சில முதல் நாளே கருகின. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. மின்மாற்றியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்காமல் சொருகினால் ஒரு வாடை, ஒரு புகை, கதை முடிந்தது. மலிவுப் பெட்டிகளில் வந்த இரும்புத் தண்டவாளம் இரண்டு ஐப்பசியைத் தாங்காமல் துருப்பிடித்தது. இப்போது வருகிற அடாப்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். தண்டவாளம் நிக்கல் சில்வரில் வருகிறது. ஆனால் வாங்குவது எளிதாகிவிட்டதா என்றால், இல்லை. விளையாட்டுச் சாமான் இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் தர முத்திரையும் கட்டாயம். மகனின் பெட்டிதான் இன்றும் நம்பகமான வழி.

சரி, ஏன் அமெரிக்கா? நம் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸையே செய்யக்கூடாதா? வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. மகன் கொண்டுவந்தான் என்பது பாதி பதில்தான். மீதிப் பதில் தண்டவாளத்தின் அகலத்தில் இருக்கிறது. உலகில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாதிரி அளவு எச்.ஓ., அதாவது அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அமெரிக்க ரயில் ஓடும் பாதை 1435 மில்லிமீட்டர். அதை எண்பத்தேழால் வகுத்தால் பதினாறரை. கடையில் கிடைக்கும் தண்டவாளமும் பதினாறரை. நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். வகுத்தால் பத்தொன்பதே கால் வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் எந்தக் கடையிலும் தொங்கவில்லை. நம் எஞ்சினைப் பதினாறரையில் ஓடவிட்டால், வேட்டி கட்டிய பெரியவரை அரை டிராயரில் நிறுத்தியதுபோல் இருக்கும். தெரியாதவர் கவனிக்க மாட்டார். பொன்மலையில் முப்பது வருஷம் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து வேலை செய்தவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கொலு ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பாதை எந்த ரயிலின் பாதையும் அல்ல, ஆகவே எல்லா ரயிலின் பாதையும் அதுதான். துல்லியம் வந்ததும் நாடு மாறிவிட்டது என்பதை அந்த மாடியறையில்தான் புரிந்துகொண்டேன்.

ஆனாலும் அந்த மேசையை முழுக்க அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. மலையைச் சுற்றி வரும் எஞ்சின் ஆல்கோ. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் இருந்த அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியின் வார்ப்பு. அதே கம்பெனிதான் 1961-இல் நம் மீட்டர் பாதைக்கு முதல் ஒய்.டி.எம்.-4 எஞ்சின்களை அனுப்பியது; 1962-இல் அகலப் பாதைக்கு 2600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்களை அனுப்பியது. 1964 முதல் வாரணாசியில் அவை நம் கையால் உருவாயின. ஸ்கெனெக்டடியில் 1969-இல் எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டார்கள். வாரணாசியில் அதற்குப் பிறகும் நாற்பதாண்டுக்கு மேல் அந்த வடிவமைப்பிலேயே செய்துகொண்டிருந்தோம். எனவே அமெரிக்கச் சிறுவன் பெரும்பாலும் படத்திலும் மாதிரியிலும் பார்த்த எஞ்சின், பொன்மலைச் சிறுவனுக்கு வேலி ஓரத்தில் நிற்கிற ஒன்று. காலையில் அதைக் கிளப்பும்போது கக்கும் கரும்புகை, நின்ற இடத்திலேயே அது போடும் தடதடப்பு, இரண்டும் திருச்சிக்காரர்களுக்கு அந்நியமல்ல. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி வரும்போதே ஸ்ரீரங்கத்தில் ஆல்கோ என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படி முன்னுக்குப் பின்னாக நடப்பது டீசலின் கதை மட்டுமல்ல. 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த முதல் பாதை அகலப் பாதை. பத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் சென்னைத் தடம் அகலமானது. பிறகு மேலே மின்கம்பி வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் இறுதியில் பொன்மலைக்குப் பெயர்ந்த பணிமனை, எல்லாரும் நீராவியை மறந்துவிட்ட 2010-களில் நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்கள் செய்தது. இந்த ஊரில் பழையதும் புதியதும் வரிசைப்படி வருவதில்லை.

மேசைக்குத் திரும்புவோம். மலை தெர்மாகோல் அடுக்குகள். சூடேற்றிய கம்பியால் சீவி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, காய்வதற்குள் கத்தியால் கீறினால் பாறைப் பிளவுகள் வருகின்றன. தண்டவாளத்தின் நடுவே கொட்டும் சரளைக்கற்களை மகன் பொட்டலமாக வாங்கி அனுப்பினான். அப்பா அதை ஒதுக்கிவிட்டுக் கொள்ளிட மணலை மூன்று சல்லடையில் சலித்துப் போட்டு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக்கியிருக்கிறார். கொலு பார்க்கின் மணலும் கொலராடோவின் சரளையும் ஒரே ஆற்றுப் படுகை. புல் மட்டும் முளைப்பதில்லை. நைலான் துகள்களை மின்னூட்டத்தால் நிமிர்த்தி ஒட்டுகிறார்கள். அது பத்து வருஷமானாலும் வாடாது. கேழ்வரகுப் புல் விஜயதசமிக்குள் மஞ்சளாகிவிடும். வாடுகிறது என்பதாலேயே அதை ஒவ்வொரு வருஷமும் புதிதாக விதைத்தார்கள், அதனால் வீட்டுப் பையன்கள் எல்லாரும் ஒரு முறையாவது அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். மாடியறை மேசையில் பேரனுக்குச் செய்ய அதிகம் மிச்சமில்லை. தொடாதே என்பதுதான் அவன் அடிக்கடி கேட்கும் வார்த்தை.

அளவு பற்றி ஒரு கணக்கு. எண்பத்து மூன்று மீட்டர் உயர மலைக்கோட்டைப் பாறை எச்.ஓ. அளவில் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம் எண்பத்து மூன்று சென்டிமீட்டர் வரும். இரண்டும் ஒரு மேசையில் அடங்கும். அடங்காதது நடுவில் இருக்கும் தூரம். ஒரு கிலோமீட்டருக்குப் பதினொன்றரை மீட்டர் வேண்டும். ஜங்ஷனிலிருந்து பொன்மலை, டவுன் ஸ்டேஷன் வழியாக ஸ்ரீரங்கம் வரை உண்மையான அளவில் போட்டால் மாடியறை போதாது, வீதி வேண்டும். ஆகவே அமெரிக்கர்களும் சுருக்குகிறார்கள்: இரண்டு வளைவு, ஒரு பாலம், மற்றதைப் பார்ப்பவன் மனது நிரப்பிக்கொள்ளும். கொலு பார்க் அதையேதான் செய்தது, வெட்கமில்லாமல் செய்தது.

ஓட்டும் முறையில் வந்த மாற்றம்தான் பெரியது. தகர ரயிலுக்குச் சாவி. மின்வெட்டு அதை ஒன்றும் செய்யாது. பிறகு வந்த மின்சார ரயிலில் ஒரு குமிழைத் திருகினால் தண்டவாளம் முழுவதும் மின்சாரம் கூடும், குறையும். அதன்மேல் நிற்கும் எல்லா எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பும், ஒன்றாக நிற்கும். அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் தொண்ணூறுகளில் எண்முறைக் கட்டுப்பாட்டுக்குப் பொதுவிதி வகுத்த பிறகு, ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறு டிகோடர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒன்று மலையேற, ஒன்று நிற்க, ஒன்று பின்வாங்கலாம். டிகோடரோடு ஒலியும் வந்தது. உண்மையான ஆல்கோ எஞ்சின்களிடம் பதிவுசெய்த ஒலி. கிளப்பும்போது திணறல், டர்போ கூவுவது, பிரேக் விட்டதும் வரும் சீறல், எல்லாம் தனித்தனிப் பொத்தானில்.

நான் போன அன்று அவர் அதைப் போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், ஓரிடத்தில் கையை உயர்த்தி, “இது சரியில்ல சார், ஒரு சிலிண்டர் வாங்கலை” என்றார். பதிவிலேயே அந்தக் கோளாறு இருக்கிறதாம். அமெரிக்காவில் எங்கோ ஒரு பழைய எஞ்சினின் நோய், ஒலிப்பதிவு செய்தவருக்குத் தெரியாமல், ஸ்ரீரங்கத்து மாடியில் கண்டுபிடிக்கப்பட்டது. மேசைமேல் ஆல்கோவின் குரல் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கிற காலத்தில், ஊரின் தண்டவாளத்தில் அது அரிதாகிவிட்டது. வாரணாசித் தொழிற்சாலை 2019-இல் டீசலை விட்டு மின்சார எஞ்சினுக்கு மாறியது, மறுவருஷம் பெயரிலிருந்த டீசலையும் எடுத்துவிட்டது. காற்றுக்கும் வீதியோர வீட்டுக் கொடித் துணிகளுக்கும் நல்லது. சென்னைக்குப் போகிறவருக்கு நேரம் மிச்சம். காதுக்குத்தான் ஊர் கொஞ்சம் பொதுவாகிவிட்டது.

இன்னொரு தலைகீழ் மாற்றமும் உண்டு. அமெரிக்க மாதிரிப் பெட்டிகள் கைவிரல்கள் கோத்ததுபோன்ற நடு இணைப்பில் சேரும். முகப்பில் இரட்டைத் தாங்கிகள் கிடையாது. அகலப் பாதைப் பயணப் பெட்டிகளின் தாங்கிகளையும் திருகு இணைப்பையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அது மொட்டையாகத் தெரியும். இப்போது நம் எல்.எச்.பி. பெட்டிகள் நடு இணைப்பில்தான் சேர்கின்றன. அந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கா சரியாகிவிட்டது.

காட்டுவதில்தான் எனக்கு மனம் சமாதானமாகவில்லை. கொலு ரயிலுக்கு அழைப்பு தேவையில்லை. திறந்த கதவு, ஒன்பது நாள், தெருவே வந்து போகும். இன்று ரயில் மாதிரிகளுக்கென்றே நிலையான இடங்கள் இருக்கின்றன. புனேயில் ஜோஷி குடும்பத்தார் தம் எச்.ஓ. அமைப்பை 1998 ஏப்ரல் 1 முதல் அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள்; ஹாம்பர்க்கின் மிகப் பெரிய மாதிரி உலகில் அமெரிக்காவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. திருச்சியிலும் 2014-இல் ரயில்வே அருங்காட்சியகம் வந்துவிட்டது, பழைய கருவிகளும் படங்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. மாடியறை மேசைக்கு வருகிறவர்கள் குறைவு, ஆனால் வந்தவர்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் படமாகப் பார்க்கிறார்கள். கொலுவில் ரயிலை யாரும் அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை என்பதும் உண்மை. பாட்டு, சுண்டல், புடவைப் பேச்சு இவற்றுக்கு நடுவே அதுவும் ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற நவராத்திரிக்கு அந்த மேசையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு சிறுமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுல வந்தே பாரத் வராதா?” என்றாள். வராது என்பதற்கு அவரிடம் பத்தொன்பதே கால் மில்லிமீட்டர் கணக்கு இருந்தது, சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் புதிய திட்டம் தொடங்கியது. மீட்டர் பாதையை எண்பத்தேழால் வகுத்தால் பதினொன்றரை. சுவிஸ் மலை ரயில் பிரியர்களுக்காக ஐரோப்பாவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். அரை மில்லிமீட்டரை அவர் மன்னிக்கத் தயார். ஒய்.டி.எம்.-4 உடலை முப்பரிமாண அச்சில் எடுத்தாகிவிட்டது. ஆறு அச்சுக்கும் சரியான சக்கர இடைவெளியுள்ள அடிச்சட்டம்தான் இன்னும் கிடைக்கவில்லை. கொலராடோ மலையில் பாதியை வெட்டி அங்கே ஸ்ரீரங்கம் ஸ்டேஷனை, தொண்ணூறுக்கு முன் இருந்த நிலையில், வைக்கப்போகிறார். மருமகள் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு: வருகிற புரட்டாசிக்குள் தெர்மாகோல் தூள் முழுவதையும் மாடியிலிருந்து அவரே பெருக்கி எடுத்துவிட வேண்டும்.