ஆயத்த விளையாட்டுக் கணினி: குணமும் குற்றமும்

விளையாட்டிற்கென்றே பொருத்தி விற்கப்படும் மேசைக் கணினிகள் இன்று சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்திலும் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலும் கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குமாகக் காட்சியளிக்கின்றன. அவற்றுள் மிக மலிந்தவற்றையும் மிக உயர்ந்தவற்றையும் விடுத்து, இடைத்தரமானவற்றையே குடும்பங்கள் பெரிதும் நாடுகின்றன. பிள்ளை கேட்கும் பொருள் தக்கதுதானா என்று அறியாத பெற்றோர் பலர், அவ்வினாவைப் பள்ளி ஆசிரியரிடமே கொண்டுவருவதும் உண்டு. பல திங்கள் சேமித்த வெள்ளி ஒரே பொருளில் அடங்கிவிடுதலின், இதனை முறைப்பட ஆராய்தல் நன்று.

விலைச்சீட்டு கூறுவதும் கூறாததும்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 'இண்டெல் கோர் ஐ5-14400எப் செயலி; என்விடியா ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 5060 வரைகலை அட்டை. 16 கிகாபைட் நினைவகம். 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. சேமிப்பகம்.' இடைத்தரக் கணினியின் விலைச்சீட்டு பெரும்பாலும் இவ்வாறே அமையும். இந்நான்கனுள் முதலிரண்டும் தெளிவாகப் பெயர் சுட்டப்பட்டவை. பின்னிரண்டும் அளவை மட்டும் கூறித் தன்மையைக் கூறாதவை. மின்வழங்கி, தாய்ப்பலகை, குளிர்விப்பு ஆகிய மூன்றும் சொல்லப்படவே இல்லை.

வாங்குவோர் பெயர்பெற்ற செயலியையும் வரைகலை அட்டையையுமே பிற கடைகளோடு ஒப்பிடுவர் என்பதை விற்போர் நன்கு அறிவர். ஆதலின் அவ்விரண்டில் செலவைக் குறைத்தல் அரிது. சொல்லாதுவிட்ட உறுப்புகளில் குறைத்தல் எளிது. கணினியை எடைபோடுபவர் முதலில் நோக்கவேண்டிய இடம் இதுவே. அவ்வாறு நோக்குங்கால் காணும் குறைகளை, பின்னர்ச் சிறு செலவில் நீக்கத்தக்கவை, நீக்க இயலாதவை என இரு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் சொல்லப்பட்ட உறுப்புகள்

மேற்கூறிய செயலி 2024 சனவரியில் வெளிவந்தது. ஆற்றல் மிக்க ஆறும் சிக்கனமான நான்குமாகப் பத்து உள்ளகங்களைக் கொண்டது. இடைத்தர விளையாட்டிற்கும் பள்ளிப் பணிக்கும் இது போதுமானது. பெயரின் இறுதியில் நிற்கும் 'எப்' என்னும் எழுத்து, இச்செயலிக்குள் வரைகலைப் பகுதி இல்லை என்பதைக் குறிக்கும். ஆகவே வரைகலை அட்டை பழுதுற்றால் திரையில் எதுவும் தோன்றாது.

வரைகலை அட்டை 2025 மே திங்களில் 299 அமெரிக்க டாலர் என்னும் அறிமுக விலையில் வந்தது. அதன் தகுதியை நாம் பயன்படுத்தும் திரையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 எனப் புள்ளிகளைக் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள. நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமாயின், அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கிற்குள் கணித்து முடித்தல் வேண்டும். 2560க்கு 1440 புள்ளித் திரையில் இவ்வேலை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும். 3840க்கு 2160 புள்ளித் திரையிலோ நான்கு மடங்காகும். இவ்வட்டை முதல் திரைக்கு ஏற்றது, இரண்டாவதற்கு ஓரளவு ஏற்றது, மூன்றாவதற்கென வாங்கத்தக்கதன்று.

இவ்வட்டையின் சொந்த நினைவகம் 8 கிகாபைட். அண்மைக்கால விளையாட்டுகள் சிலவற்றை உயர்ந்த படத்தரத்தில் ஓட்டினால் இவ்வளவு நிரம்பிவிடும். நிரம்பிய பின் வேண்டிய தரவுகளைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து மெதுவான பாதை வழியே கொணர வேண்டியிருத்தலால் படம் தடுமாறும். அட்டையின் நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட வழியில்லை. அட்டையையே மாற்ற வேண்டும். இதற்கு அடுத்த படியில் உள்ள ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்னும் அட்டை, 2025 ஏப்ரலில் ஒரே பெயரோடு 8 கிகாபைட், 16 கிகாபைட் என இரு அளவில் வெளியிடப்பட்டது. பெயரை மட்டும் கேட்டு அளவைக் கேளாதார் ஏமாற இடமுண்டு.

அரைகுறையாகச் சொல்லப்பட்டவை

16 கிகாபைட் நினைவகம் ஒரே பட்டையாக இருக்கலாம். எட்டெட்டாக இரு பட்டைகளாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றெனத் தோன்றினும் வேகம் வேறு. டி.டி.ஆர்.5-4800 வகையில் ஒரு பட்டை வழியே நொடிக்கு மிகுதியாக 38.4 கிகாபைட் செல்லும். இரு பட்டைகள் இணைந்து வேலை செய்தால் 76.8 கிகாபைட் செல்லும். இச்செயலி பழைய டி.டி.ஆர்.4 வகையையும் ஏற்கும். ஆயினும் தாய்ப்பலகை எவ்வகைக்கு உரியதோ அவ்வகையையே பொருத்த இயலும். ஆதலின் வகையையும் கேட்டறிதல் வேண்டும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதால், இவ்வுறுப்பில் சிக்கனம் செய்யும் விருப்பம் விற்போர்க்கு மிகுதல் இயல்பு.

எனினும் ஒரு பட்டை மட்டும் இருத்தல் நீக்கத்தக்க குறையே. காலியான இடத்தில் மற்றொன்றைச் செருகிவிடலாம். சேமிப்பகமும் அத்தகையதே. இக்குறைகளுக்காக நல்ல கணினியைத் தள்ளவேண்டுவதில்லை. அவற்றின் விலையைக் கழித்து மதிப்பிட்டால் போதும்.

சொல்லாது விடப்பட்டவை

மின்வழங்கியே கணினி முழுவதற்கும் உணவூட்டும் உறுப்பு. இவ்வரைகலை அட்டை 145 வாட் வரை கொள்ளும். செயலி உச்ச நிலையில் 148 வாட் கொள்ளும். ஏனையவற்றிற்கு ஐம்பதோ அறுபதோ கூட்டினால் மொத்தம் 350 வாட் அளவாகும். ஆகவே 550 வாட் கொண்ட தரமான மின்வழங்கி போதும். தரமற்றதாயின் 750 வாட் என்று எழுதியிருப்பினும் பயனில்லை. அதன்மேல் காணும் '80 பிளஸ்' முத்திரை, உள்வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளிவருகிறது என்பதைக் காட்டுவது. பாதுகாப்பிற்குச் சான்று ஆகாது. மட்டமான மின்வழங்கி பழுதுறுங்கால் பிற உறுப்புகளையும் உடன்கொண்டு அழிதல் உண்டு. எனவே செய்தவர் பெயர், மாதிரி எண், உத்தரவாத ஆண்டு ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும்.

தாய்ப்பலகைக்கும் மின்வழங்கிக்கும் உரிய ஏ.டி.எக்ஸ். என்னும் பொது அளவை இண்டெல் நிறுவனம் 1995இல் வகுத்தது. அதனைப் பின்பற்றும் உறுப்புகளை எக்கடையிலும் வாங்கி மாற்றலாம். பெரிய நிறுவனங்கள் சில, தமக்கே உரிய வடிவிலும் இணைப்பிலும் இவற்றைச் செய்கின்றன. அத்தகைய கணினியில் உத்தரவாதம் முடிந்தபின் ஓர் உறுப்பு கெட்டால், செய்த நிறுவனத்தையே நாட வேண்டும். இஃது எளிதில் நீக்க இயலாத குற்றம்.

வெப்பமும் நம் நாட்டில் சிறப்பாகக் கருதத்தக்கது. அறையின் காற்று 30 பாகையாயின், விசிறி எவ்வளவு சுழன்றாலும் செயலியை அதற்குக் கீழே குளிர்விக்க இயலாது. முன்பக்கம் முழுதும் கண்ணாடியால் அடைத்துக் காற்றுப்புக வழியில்லாத பெட்டி அழகாயிருக்கலாம். உள்ளே வெப்பம் மிகும்பொழுது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய வேகம் அவ்வாறு வீணாகும்.

விலையும் துணிபும்

ஒவ்வோர் உறுப்பின் கடைவிலையையும் விண்டோஸ் உரிமத்தின் விலையையும் தனித்தனியே எழுதிக் கூட்டுக. ஆயத்தக் கணினியின் விலை அக்கூட்டுத்தொகையினும் பத்தில் ஒரு பங்கு மிகுந்திருப்பின், அதனைப் பொருத்திய கூலியாகவும் ஒரே இடத்தில் பெறும் உத்தரவாதத்தின் விலையாகவும் கொள்ளலாம். பழுது நேர்ந்தால் எவ்வுறுப்பில் என்று தேடிக் காணும் பயிற்சி இல்லாத வீட்டிற்கு அத்தொகை வீண் செலவன்று. அதனினும் மிகுதியாயின் வேறு கடை நாடுதல் நலம். விண்டோஸ் 10க்கு உரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டமையால், அதனோடு கிடக்கும் பழைய சரக்கையும் விலக்குக.

இறுதியாக, கேட்டறிந்த விவரங்கள் அனைத்தும் பற்றுச்சீட்டில் எழுத்தில் இருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு திங்களுக்குள் வெளிப்படும் குறை, விற்பவர் மாறாக மெய்ப்பித்தாலன்றி, தரும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தை நாடலாம். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மின்வழங்கியின் பெயரை அங்கு மெய்ப்பித்தல் எளிதன்று. உறுப்புகளின் பெயரை எழுதித்தர மறுக்கும் கடையில், விலை எத்துணைக் குறைவாயினும் வாங்காது மீள்வதே அறிவுடைமை.