பழைய மாதிரி ரயில் ‘சுக் சுக்’ என்பது எப்படி?

நிஜ நீராவி எஞ்சினின் புகைபோக்கி வழியே, உருளையில் வேலை முடித்த நீராவி பீறிட்டு வெளியேறும் சத்தம்தான் ‘சுக்’. பிஸ்டனை இரு பக்கமிருந்தும் நீராவி தள்ளுவதால், இரண்டு உருளை எஞ்சினின் சக்கரம் ஒருமுறை சுற்ற நான்கு ‘சுக்’ கேட்கும். பிரிட்டனின் ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ மூன்று உருளைக்காரர், அவருக்கு ஆறு.

மாதிரி ரயிலிலோ, எஞ்சினுக்குள் பொருத்தும் டிகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகையில் நிஜ எஞ்சினின் ஒலிப்பதிவு இருக்கிறது. எந்தக் கணத்தில் ஒலிப்பது? சுழலும் மோட்டார் சின்ன மின்னாக்கியும்கூட. டிகோடர் மின்சாரத்தைக் கணநேரம் நிறுத்தி, மோட்டார் எழுப்பும் மின்னழுத்தத்தை அளந்து வேகத்தைக் கணிக்கிறது. துல்லியம் போதாதென்பவர்கள் சக்கர அச்சில் காந்தங்களும் அருகே உணரியும் வைக்கிறார்கள்.

பழைய மாதிரிகள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டம் வழியாகத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். அதைத் துண்டித்துக் காப்பிடாமல் டிகோடரை இணைத்தால் நிஜமாகவே புகை வரும், டிகோடரிலிருந்து!

ஒலிபெருக்கி பெரும்பாலும், நிலக்கரி சுமக்கும் டெண்டருக்குள் போகும். அதற்குக் காற்றுப்புகாத சிறு பெட்டி அவசியம். இல்லாவிட்டால் அதன் முன்பக்க, பின்பக்க ஒலியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். என்ன செய்தாலும் நிஜ எஞ்சினின் அடிவயிற்று உறுமல் இத்தனூண்டு தகட்டில் வராது. விசில் மட்டும் பிரமாதம்.