தண்டவாள ஓரத்தில் கீரைப் பாத்தி

சான்பாடாவில் ரயில் ஏறி, குர்லா பக்கம் போகிறோம். முன்பு சன்னல் வழியே என்ன தெரிந்தது? சில இடங்களில் தண்டவாளத்தை ஒட்டிப் பச்சைப் பசேல் என்று பாத்திகள் தெரிந்தன. பாலக், வெந்தயக் கீரை, சிவப்புத் தண்டுக்கீரை, முள்ளங்கி, வெண்டை எல்லாம் அங்கே விளைந்தன.

இது யாருடைய நிலம்? ரயில்வேயின் நிலம். சும்மா கிடந்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதனால் 'அதிக உணவு விளைவிப்போம்' என்று ஒரு திட்டம் வந்தது. அதன்படி ரயில்வே தன் கடைநிலை ஊழியர்களுக்கு அந்த நிலத்தைப் பயிரிடக் கொடுத்து வந்தது.

ஆனால் பல இடங்களில் மண்ணைக் கொத்தியவர்கள் வேறு ஆட்கள். உத்தரப்பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். ஊரில் ஏர் பிடித்த கைகள் அல்லவா? நகரத்திலும் மண்ணை விடவில்லை. கணவன் தண்ணீர் இறைப்பார். மனைவி களை எடுத்து, கீரையைக் கட்டாகக் கட்டுவார். விடிவதற்குள் கீரை சந்தைக்குப் போய்விடும்.

ஏன் கீரை? கீரைக்குக் கொஞ்ச இடம் போதும். விதைத்த ஒரு மாதத்தில் பறிக்கலாம். காசு சீக்கிரம் கைக்கு வரும். ஒரு பாத்தியைப் பறிக்கும்போது இன்னொன்றில் விதைப்பார்கள். அதனால் எப்போதும் ஏதாவது விற்க இருக்கும். காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் கேந்திப் பூச்செடியும் வைக்கலாம். அது வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும். தசரா வந்தால் பூவும் நல்ல விலை போகும்.

இதில் இரண்டு கவலைகள் உண்டு.

முதல் கவலை தண்ணீர். சில இடங்களில் சாக்கடை நீரையே பாய்ச்சினார்கள். அதில் நோய்க் கிருமிகள் இருக்கும். தொழிற்சாலைக் கழிவு கலந்தால் ஈயம், காட்மியம் போன்ற நஞ்சும் இருக்கும். கிருமி நன்றாக வேகவைத்தால் சாகும். செடிக்குள் ஏறிய ஈயம் கழுவினாலும் போகாது. வேகவைத்தாலும் போகாது. ஆகவே நல்ல தண்ணீரில் விளைந்த கீரைதான் நல்லது. வாங்கும்போது, "இது எந்தத் தண்ணீரில் விளைந்தது?" என்று கேட்போம்.

இரண்டாவது கவலை நிலம். பாடுபடுகிறவர் கையில் காகிதம் இல்லை. நாளைக்கே "காலி செய்" என்றால் என்ன செய்வார்? நின்ற பயிரும் போகும். எருப் போட்டு வளமாக்கிய மண்ணும் போகும்.

இந்தக் கவலை உலகில் வேறு இடத்திலும் உண்டு. லாவோஸ் என்ற நாட்டின் மலைகளில் மோங் மக்கள் பயிர் செய்து வாழ்ந்தார்கள். 1975-ல் போர் முடிந்தபோது அவர்களுக்கு ஆபத்து வந்தது. பலர் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். முகாம்களில் இருந்தார்கள். பிறகு பலர் அமெரிக்கா போனார்கள். புது ஊர், புது மொழி. தெரிந்த தொழில் விவசாயம். மினசோட்டா மாநிலத்தில் குத்தகை நிலத்தில் காய்கறியும் பூவும் பயிரிட்டுச் சந்தையில் விற்றார்கள்.

அங்கும் பலருக்குக் குத்தகை ஓர் ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு நிலம் கிடைக்குமா என்று தெரியாது. தனித்தனியாக இருந்தால் என்ன செய்ய முடியும்? 2011-ல் மோங் விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். செயின்ட் பால் நகருக்குத் தெற்கே 155 ஏக்கர் பண்ணையைச் சங்கம் குத்தகைக்கு எடுத்தது. குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2022-ல் மாநில அரசின் பண உதவியோடு அந்தப் பண்ணையைச் சங்கமே வாங்கியது.

உழைப்பு இங்கும் உண்டு, அங்கும் உண்டு. அங்கே உழைப்போடு ஒற்றுமையும் காகிதமும் சேர்ந்தன.

நாமும் கால் காணி நிலம் குத்தகைக்கு எடுக்கலாம். நான்கு கேள்விகளை மறக்க வேண்டாம். நிலம் யாருடையது? எத்தனை ஆண்டுக்கு? குத்தகைப் பணம் எவ்வளவு? பயிர் நிற்கும்போது காலி செய்யச் சொன்னால் என்ன வழி? பதிலை எழுதி வாங்குவோம். பணம் கொடுத்தால் ரசீது கேட்போம். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.