மறைந்த சிவப்பு வரிசை

இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் எச்சரிக்கைகளைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிறங்களால் குறித்து வருகின்றது. பச்சை எனின் எச்சரிக்கை யாதுமில்லை. மஞ்சள் எனின் கவனித்திருத்தல் வேண்டும். ஆரஞ்சு எனின் ஆயத்தமாதல் வேண்டும். சிவப்பு எனின் உடனே செயற்படல் வேண்டும். களப்பணியாளர் ஒருவர் மாவட்டங்களின் பெயர்களை வலைப்பக்கமொன்றில் அட்டவணையாக அமைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் அன்றைய எச்சரிக்கையின் நிறத்தைப் பின்னணியாகத் தீட்ட முற்படுகிறார் என்று கொள்க. சிவப்புக்குரிய கட்டளையைப் பிழையின்றி எழுதுகிறார். பக்கத்தைத் திறந்தால் வரிசை வெள்ளையாகவே இருக்கின்றது. பிழைச் செய்தி எதுவும் தோன்றவில்லை. கட்டளையை மீண்டும் எழுதுகிறார், வெள்ளை மாறவில்லை. அவசரமான நாளொன்றில் அப்பக்கத்தைப் பார்ப்பவர், அம்மாவட்டத்திற்கு எச்சரிக்கையே இல்லையென்று கருதிவிடவும் கூடும்.

கணிப்பொறி இங்கு யாதொரு தவறும் செய்யவில்லை. அதற்கு வந்து சேர்ந்த கட்டளைகள் பல. அவற்றுள் களப்பணியாளர் எழுதியது ஒன்று. மற்றவை எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தாலன்றி நிறத்தை மாற்றுதல் இயலாது.

வலைப்பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியால் ஆக்கப்படுகின்றன. நிறம், அளவு, இடைவெளி முதலிய தோற்றக் கூறுகள் சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாளில் தனியே வகுக்கப்படுகின்றன. இம்முறையை 1994-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹோகோன் வியூம் லீ என்னும் நார்வே நாட்டவர் முன்மொழிந்தார். அவருடன் பெர்ட் பாஸ் என்பவரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, 1996 டிசம்பரில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதற்சொல் படிப்படியாக வீழும் அருவியைக் குறிக்கும். ஒரே பொருளைப் பற்றிப் பல இடங்களிலிருந்து கட்டளைகள் வந்து விழும்பொழுது, எது நிலைக்கும், எது அடிபடும் என்பதற்குத் திட்டமான விதிகள் உண்டு என்பதே அப்பெயரின் உட்கருத்து.

முதற் கட்டளை உலாவியினுடையது. ஒருவரும் ஒன்றும் கூறாவிடினும், உலாவி தன் இயல்பான தோற்றத்தைப் பக்கத்திற்கு அளித்துவிடும். அடுத்தது, பக்கத்தை ஆக்கியோர் எடுத்தாளும் ஃபிரேம்வொர்க்கினுடையது. ஃபிரேம்வொர்க் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட நடைத்தாள்களின் தொகுதி. டுவிட்டர் நிறுவனத்தில் பணிபுரிந்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் ஆகிய இருவர் ஆக்கி, 2011 ஆகஸ்டில் யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்ட பூட்ஸ்ட்ராப் இவ்வகையில் மிகப் பரவலாக வழங்கி வருவது. பொத்தான், படிவம், அட்டவணை ஆகிய யாவற்றுக்கும் அது தானே நிறம் வகுத்துள்ளது. மூன்றாவதாகவே பக்கத்தை எழுதுபவரின் சொந்தக் கட்டளை வருகின்றது.

எளிய நேர்வு பக்கம் முழுவதன் பின்னணி. பூட்ஸ்ட்ராப் அதனை வெள்ளையென வகுத்துள்ளது. சொந்த நடைத்தாளில் பாடி என்னும் உறுப்புக்கு வேறு நிறம் கூறி, அத்தாளைப் பூட்ஸ்ட்ராப்புக்குப் பின்னர் இணைத்தால் நிறம் மாறிவிடும். வலிமையில் ஒத்த இரு கட்டளைகளுள் பின்னர் வருவதே நிலைக்கும். தாளை முன்னர் இணைத்துவிட்டு வருந்துவோர் பலர். முதலில் நோக்க வேண்டுவது இவ்வரிசைமுறையையே.

வலிமை ஒவ்வாவிடத்து வரிசை பயன்படாது. ஐ.டி. என்னும் தனிப்பெயரைச் சுட்டும் கட்டளை மிக வலியது. கிளாஸ் என்னும் இனப்பெயரைச் சுட்டுவது அதனினும் மெலியது. உறுப்பின் பொதுப்பெயரை மட்டும் சுட்டுவது எல்லாவற்றினும் மெலியது. இவற்றை எண்ணின் இலக்கங்களைப் போல இடமிருந்து வலமாக ஒப்பிடுதல் வேண்டும். ஆனால் கணக்கில் பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்தாவதைப் போல இங்கே ஆவதில்லை: பொதுப்பெயர்கள் பதினொன்றை அடுக்கினும் ஒரு கிளாஸ் பெயருக்கு அவை ஈடாகா.

இவ்விதிகளை எல்லாம் மீறும் சொல் ஒன்று உண்டு. வியப்புக்குறியை முன்னிட்டு இம்பார்ட்டன்ட் என்று கட்டளையின் இறுதியில் எழுதினால், அக்கட்டளை ஏனையவற்றை வென்றுவிடும். பூட்ஸ்ட்ராப்பின் 4-ஆம் பதிப்பிலிருந்து பி.ஜி. எனத் தொடங்கும் பின்னணிக் கிளாஸ்கள் அனைத்தும் இச்சொல்லைத் தாங்கியே வருகின்றன. ஆகவே பி.ஜி.-லைட் என்னும் கிளாஸை உறுப்பில் இட்டுவிட்டு, அதே உறுப்புக்கு வேறு பின்னணியைச் சாதாரணமாக எழுதினால் அது செல்லாது. அவ்வுறுப்பிலேயே நேராக எழுதினும் செல்லாது. இதற்கு விடையாகத் தாமும் இம்பார்ட்டன்ட் என எழுதுவது பலர் வழக்கம். அது நல்ல வழக்கமன்று. பின்னொரு நாள் அந்நிறத்தை மாற்ற வருபவர் அதனினும் வலிய கட்டளையைத் தேட நேரிடும். வேண்டாத கிளாஸை உறுப்பிலிருந்து நீக்கிவிடுதலே நேர்மையான வழி.

இனி, மறைந்த சிவப்பு. இங்கே கட்டளைகளுக்குள் போட்டியே இல்லை என்பதுதான் வியப்பு. களப்பணியாளரின் கட்டளை நிறைவேறியது. வரிசையின் பின்னணி சிவப்பாகியே இருக்கின்றது. அது கண்ணுக்குப் புலப்படவில்லை, அவ்வளவே. சி.எஸ்.எஸ். விதிப்படி அட்டவணையின் பின்னணி ஆறு படலங்களாகத் தீட்டப்படுகின்றது. அடியில் அட்டவணை, அதன்மேல் நிரல் தொகுதிகள், நிரல்கள், வரிசைத் தொகுதிகள், வரிசைகள், எல்லாவற்றுக்கும் மேலே கட்டங்கள். கட்டத்திற்குத் தனி நிறம் இல்லையெனின் கீழுள்ள வரிசையின் நிறம் தெரியும். இருப்பின் மறைந்துவிடும். பூட்ஸ்ட்ராப் 5.0 முதல் 5.2 வரையுள்ள பதிப்புகளில் கட்டத்தின் இயல்பு நிறம் ஒளி ஊடுருவுவதாக வைக்கப்பட்டிருந்தது. 2023 மே மாதத்தில் வந்த 5.3 பதிப்பிலோ, இருண்ட தோற்றத்திற்கும் ஏற்றவாறு நிறமுறை திருத்தப்பட்டபொழுது, கட்டங்கள் பக்கத்தின் பின்னணி நிறத்தையே பெற்றன. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைக் கட்டங்கள். பழைய பதிப்பில் செவ்வனே சிவந்திருந்த வரிசை, பதிப்பை மாற்றியவுடன் ஓசையின்றி வெளுத்துப்போவதன் காரணம் இதுவே.

கட்டத்தின்மேல் மற்றொரு படலமும் உண்டு. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் மங்கிய பட்டைகளைப் பூட்ஸ்ட்ராப் 5 பின்னணியாகத் தீட்டுவதில்லை. கட்டத்தின் உட்புறம் முழுவதும் பரவும் நிழலாகத் தீட்டுகின்றது. நிழல் பின்னணிக்கு மேலே விழுவதால், கட்டத்தின் பின்னணியை எவ்வளவு வலிமையாக மாற்றினும் பட்டை அகலாது. வகுப்பறையில் இதனை எளிதிற் காட்டலாம். சிவப்புத் தாளொன்றை மேசைமேல் விரித்து, அதன்மேல் வெண்தாள் சதுரங்களை இடைவெளியின்றிப் பரப்பி, அவற்றின்மேல் சாம்பல் நிறக் கண்ணாடித்தாளைப் போர்த்துக. அடித்தாளை எத்தனை முறை மாற்றினும் மேலிருந்து நோக்கும் மாணவர் காண்பது சாம்பல் படிந்த வெள்ளையே.

மாற்று வழி கட்டங்களுடன் போராடுவதன்று. கட்டங்கள் எவ்விடத்திலிருந்து நிறத்தைப் பெறுகின்றனவோ அவ்விடத்தை மாற்றுவது. பூட்ஸ்ட்ராப் 5 தன் நிறங்களை மாறிகளில் வைத்துள்ளது. இரு சிறு கோடுகளை முன்னிட்டு பி.எஸ்.-டேபிள்-பி.ஜி. என எழுதப்படும் மாறியே கட்டங்களின் நிறக் களஞ்சியம். அம்மாறிக்கு வரிசையிலேயே சிவப்பென மதிப்பளித்தால், அவ்வரிசையின் கட்டங்கள் யாவும் அதனை மரபுரிமையாகப் பெற்றுச் சிவக்கும். இம்பார்ட்டன்ட் வேண்டுவதில்லை. எழுத்தின் நிறத்திற்குரிய மாறி தனியே உள்ளது. அதனையும் உடன் மாற்றுதல் வேண்டும். பட்டையிட்ட அட்டவணையாயின், பட்டை வரிசைகளின் எழுத்து நிறத்திற்கென்று மூன்றாவதொரு மாறியும் இருக்கின்றது. அதனை மறந்தால் வெள்ளெழுத்து ஒரு வரிசையில் வெள்ளையாகவும் அடுத்ததில் கறுப்பாகவும் வரும்.

எந்தக் கட்டளை எங்கிருந்து வருகின்றது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. மேசைக் கணிப்பொறியின் உலாவிகளில் பெரும்பாலும் எஃப்12 விசையை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் பகுதி திறக்கும். அதில் உறுப்பைச் சுட்டினால் அதற்குரிய கட்டளைகள் யாவும் நிரலாகத் தோன்றும். தோற்றவை கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். சிவப்பு அடிபடாமலிருந்தும் வரிசை வெள்ளையாயின், மேலுள்ள உறுப்பைச் சுட்டிப் பார்த்தல் வேண்டும்.

படிவங்களில் வேறொரு சங்கடம் நேர்வதுண்டு. தெரிவுப் பெட்டியின் வலப்புறத்திலுள்ள சிறு அம்பு, பூட்ஸ்ட்ராப்பில் பின்னணிப் படமாகவே வைக்கப்பட்டுள்ளது. பேக்கிரவுண்ட் என்னும் தொகைச்சொல்லால் அப்பெட்டிக்கு மஞ்சள் கூறினால், கூறாது விட்ட படம் வெறுமையாகி அம்பு மறைந்துவிடும். பெட்டி விரியக்கூடியது என்பதே பயன்படுத்துவோர்க்குத் தெரியாமற் போகும். பேக்கிரவுண்ட்-கலர் என நிறத்தை மட்டும் கூறினால் அம்பு தங்கும்.

நிறம் மாறியபின் எழுத்து படிக்கத்தக்கதாக இருக்கின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும். வலைப்பக்க அணுகுதன்மைக்கான சர்வதேச நெறிகள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்னும் ஒளிவேறுபாட்டையேனும் கேட்கின்றன. தூய மஞ்சளின்மேல் வெள்ளெழுத்தின் வேறுபாடு 1.07 மட்டுமே, அதே மஞ்சளின்மேல் கறுப்பெழுத்துக்கு 19-க்கு மேல். வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் களப்பணியாளருக்கு முதலாவது வெற்றுத்தாளே.

காகிதத்தில் அச்சிடுமிடத்து இன்னொன்றும் உண்டு. மையைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு உலாவிகள் பின்னணி நிறங்களைப் பொதுவாக அச்சிடுவதில்லை. திரையில் பாடுபட்டுச் சிவக்கச் செய்த வரிசை, அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளில் மீண்டும் வெள்ளையாகும். அச்சிடும் சாளரத்தில் பின்னணியைச் சேர்க்குமாறு தெரிவு செய்யலாம். எனினும் அதனை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்வர் என்பதற்கு உறுதியில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோரும் அட்டவணையைப் பார்ப்பர். இவ்விரு காரணங்களாலும், நிறத்துடன் கூட, எச்சரிக்கை என்னும் தலைப்பில் தனி நிரலொன்று அமைத்து அதில் சிவப்பு, ஆரஞ்சு என்னும் சொற்களையே எழுதிவிடுவது வழக்கமாக உள்ளது.