செடான் காரில் கேரவன் இழுக்கலாமா? தேர் முட்டுக்கட்டை சொல்லித்தரும் கணக்கு!

"மச்சி, சின்னதா ஒரு கேரவன் செஞ்சுக் கொடுக்க ஆள் கிடைச்சிருக்கு. 1,300 கிலோ வரும்னு சொல்றாங்க. என் செடான்லயே மாட்டி இழுத்துட்டுப் போயிடலாம்ல?"

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் நண்பன் ஒருநாள் ராத்திரி இப்படி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அவன் அப்பா வாழ்நாள் முழுக்க தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டு நெய்தவர். இப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முதுகு விடுவதில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. ரெண்டு பேரையும் கேரவனில் படுக்க வைத்து ஏலகிரி வரைக்கும் கூட்டிட்டுப் போகணும் என்பது அவன் ஆசை.

ஆசை நல்ல ஆசைதான். ஆனா, கணக்கு? இன்ஸ்டாவில் வெளிநாட்டுக்காரங்க காருக்குப் பின்னாடி வீட்டை மாட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்து உங்களுக்கும் இதே ஐடியா வந்திருந்தா, ஹிட்ச் மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

எந்த கேரவன்?

கேரவன்னு சொன்னாலே நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏறி உட்காரும் ஏசி வண்டிதான் ஞாபகம் வரும். அதற்கு சொந்தமா இன்ஜின் உண்டு. அது மோட்டார் கேரவன். 2021-ல் கேரள அரசு 'கேரவன் கேரளா' என்று சுற்றுலாத் திட்டம் ஆரம்பித்ததும் இந்த வகை வண்டிகளை நம்பித்தான். அதற்கு பாரத்பென்ஸ் சேஸிஸும் பயன்பட்டது. அந்த பாரத்பென்ஸ் தயாராவது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில்!

நண்பன் கேட்டது வேற. இன்ஜின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் கேரவன். பிரிட்டன், ஐரோப்பாவில் குடும்பங்கள் பல வருஷமா இப்படித்தான் லீவுக்குப் போகின்றன. அங்கே உருவான சில விதிகள்தான் நமக்கும் வழிகாட்டி.

இழுப்பது பெரிசில்ல, நிறுத்துவதுதான் பெரிசு

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வைகாசி பிரம்மோற்சவத்தின் 7-ம் நாள் வரதராஜப் பெருமாள் தேரைப் பார்த்திருப்பீங்க. வடம் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கான பேர் வருவாங்க. ஆனா, தேர் யாரை நம்பி ஓடுது தெரியுமா? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்களே, அவங்களைத்தான். சரியான நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டால்தான் தேர் திரும்பும், நிற்கும். நம்ம பேச்சில் 'முட்டுக்கட்டை' கெட்ட வார்த்தை. தேரோட்டத்திலோ அதுதான் உயிர்.

கேரவனும் அதே கதைதான். "என் கார்ல 150 குதிரைத்திறன் இருக்கு, இழுத்துடும்" என்பது பாதி உண்மை. சமதளத்தில் இழுத்துடும். ஆனா, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது 1,300 கிலோ பின்னாலிருந்து தள்ளுமே, அப்போ காரால் அதைப் பிடித்து நிறுத்த முடியுமா? அதுதான் கேள்வி. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க... வேகம் 60-லிருந்து 80 ஆனால், வண்டியின் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்காகும். அவ்வளவையும் பிரேக்தான் தின்று தீர்க்கணும்.

85 சதவிகித விதி

கேரவன் வட்டாரத்தில் முதல் பாடமே இதுதான். புதுசா இழுப்பவர்கள், சாமான் ஏற்றிய கேரவனின் மொத்த எடை காரின் காலி எடையில் 85 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கணும் என்று பிரிட்டன் கேரவன் அமைப்புகள் சொல்கின்றன. அனுபவசாலிகளுக்கும் 100 சதவிகிதம்தான் எல்லை. காரணம் சிம்பிள். நாய் வாலை ஆட்டலாம், வால் நாயை ஆட்டக் கூடாது.

இப்போ நண்பனின் கணக்கைப் போடுவோம். நம்ம ஊரில் ஓடும் ஹோண்டா சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா மாதிரி செடான்களின் எடை சுமார் 1,100 முதல் 1,300 கிலோ. 1,250 கிலோ என்று வைத்துக்கொண்டால் 85 சதவிகிதம் 1,062 கிலோ. கேரவனோ 1,300! திருப்பிப் போட்டால், 1,300 கிலோ கேரவனுக்கு குறைந்தது 1,530 கிலோ எடையுள்ள கார் வேணும். அதாவது சூப்பர்ப், பஸாட் மாதிரி பெரிய செடான். ஐரோப்பாவில் இந்த ரெண்டும் கேரவன் இழுக்கப் பேர்போனவை.

'1,300 கிலோ'ன்னு செய்பவர் சொல்வது பெரும்பாலும் காலி எடை. தண்ணி, கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை எல்லாம் ஏறிய பிறகு எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பதுதான் நிஜ எடை.

இன்ஜினில் எதைப் பார்க்கணும்?

குதிரைத்திறனைவிட டார்க் முக்கியம். அதுவும் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பது ரொம்ப முக்கியம். ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 145 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். அது முழுசா கிடைப்பது 4,300 ஆர்.பி.எம்-மில். விர்டஸ், ஸ்லாவியாவின் 1.5 லிட்டர் டர்போவில் 250 நியூட்டன் மீட்டர், 1,600 ஆர்.பி.எம்-மிலேயே வந்துவிடும். மேட்டில் நின்று கிளம்பும்போது இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். டீசல் இதற்கு இன்னும் தோது. ஆனா 2023-ல் சிட்டியிலும் வெர்னாவிலும் டீசல் நின்றுபோச்சு. பழைய வண்டிச் சந்தையில்தான் தேடணும்.

மலை ஏற ஏற காற்று மெலிதாகும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவிகித சக்தியை இழக்கும். ஏலகிரியே கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம்.

அடுத்து கிளட்ச். ஐரோப்பாவில் ஒரு காருக்கு இழுவை வரம்பு தருவதற்கு முன்னாடி ஒரு டெஸ்ட் உண்டு. முழு பாரத்தோடு 12 சதவிகித ஏற்றத்தில், 5 நிமிஷத்துக்குள் 5 முறை நின்று கிளம்பணும். வாலாஜாபாத் ரோட்டு டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போனாலும் கிளட்சுக்கு அதே வேதனைதான். உலர் கிளட்ச் உள்ள டி.சி.டி கியர்பாக்ஸ் சீக்கிரம் சூடாகும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் இந்த வேலைக்கு மேல்.

நீளமும் கொக்கியும்

செடானுக்கு ஒரு பிளஸ் உண்டு. தாழ்வான உடம்பு, நிலையா ஓடும். ஒரு மைனஸும் உண்டு. டிக்கி நீளம். பின்சக்கரத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் தூரம் கூடக் கூட, கேரவன் ஆடினால் காரின் பின்புறத்தை நெம்புகோல் மாதிரி ஆட்டும். அதனால் வீல்பேஸ் அதிகமாகவும், பின்பக்க நீட்டம் குறைவாகவும் உள்ள கார் நல்லது.

கேரவன் கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை, அதன் மொத்த எடையில் 5 முதல் 7 சதவிகிதம் இருக்கணும். 1,300 கிலோவுக்கு 65 முதல் 91 கிலோ. குறைந்தால் கேரவன் பாம்பு மாதிரி நெளியும். கூடினால் காரின் முன்பக்கம் தூக்கும். நம்ம செடான்களில் முன்சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது. அது லேசானால் ரெண்டும் போச்சு. அதனால் கனமான சாமான்களை கேரவனின் அச்சுக்கு மேலே, தரையோடு தரையா வைக்கணும்.

நெளிய ஆரம்பிச்சா?

பெங்களூரு ஹைவேயில் ஒரு ஆம்னி பஸ் உங்களை ஓவர்டேக் பண்ணும். அந்தக் காற்றிலேயே கேரவன் ஆடத் தொடங்கலாம். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீங்க. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு, வேகம் தானா குறைய விடுங்க.

கையெழுத்து போடும் முன்...

* காரின் கையேட்டில் இழுவை எடை இருக்கா? இல்லைன்னா, நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்க. கிடைக்கலைன்னா அந்தக் காரில் இழுக்காதீங்க.
* கேரவனுக்குத் தனி பிரேக் இருக்கா? ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்ச வரம்பு 750 கிலோ. அதுவும் காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது.
* கொக்கி கழன்றால் கேரவன் பிரேக்கை இழுத்துவிடும் பாதுகாப்பு கேபிள் இருக்கா?
* நம்ம மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேணும். வண்டியில் மாற்றம் செய்வதற்கு அதே சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு வைக்கிறது. ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் கேளுங்க, பிறகு அட்வான்ஸ் கொடுங்க.

கடைசியா ஒரு விஷயம்

இதெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பன், "சரிடா, பெரிய கார் பார்க்கிறேன். அம்மா அப்பா படுத்துக்கிட்டே வரலாம்ல?" என்றான். அங்கேதான் கதையே மாறியது. இழுத்துச் செல்லும் கேரவனுக்குள் ஓடும்போது யாரும் இருக்கக் கூடாது. பிரிட்டனில் அது சட்டப்படியே தப்பு. சீட் பெல்ட் கிடையாது, மோதினால் தாங்கும் சட்டகம் கிடையாது. கேரவன் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற எதுவுமே இல்லை.

கொஞ்ச நேரம் அவன் எதுவும் பேசவில்லை. யாருக்காக இந்தக் கேரவனோ, அவர்கள் அதில் போக முடியாது என்றால் 1,530 கிலோ காரும் எதற்கு?

போன மாசம் அவன் அதே செடானில் ஏலகிரி போய் வந்தான். முன் சீட்டைச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்து அப்பா. பின் சீட்டில் அம்மா. ஆற்காடு, வேலூர், ஆம்பூர் என்று முக்கால் மணி நேரத்துக்கு ஒரு ஸ்டாப். எல்லா ஸ்டாப்பிலும் அப்பா இறங்கி நடந்து, டீ குடித்து, அந்தக் கடைக்காரரிடம் கதை பேசியிருக்கிறார். "படுத்துக்கிட்டே வந்திருந்தா ஒரு ஊரையும் பார்த்திருக்க மாட்டேன்" என்றாராம்.

உங்களுக்கு கேரவன் நிஜமாவே வேணும்னா, முதலில் எடை மேடை, அப்புறம் காரின் கையேடு, அதற்கப்புறம்தான் ஷோரூம். யார் அதில் போகப்போறாங்க என்ற கேள்வி இந்த மூணுக்கும் முன்னாடி!