ஒரு கடையும் நான்கு விடைகளும்

வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழரின் வாழ்க்கையில் கணக்கெழுதும் தொழிலுக்குத் தனியிடம் உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் பிழைப்பு நாடிச் சென்றவர்களில் பலர் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கணக்குப் பதிவும் பயின்றவர்கள். இன்று அவர்கள் வழிவந்த பிள்ளைகள் அந்தந்த ஊர்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வணிகவியல் கற்கின்றனர். ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ அச்சிட்ட பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பழகுகின்றனர். வீட்டுப் பெரியவர்களுக்குப் பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்கள் பழக்கம். பிள்ளைகளுக்கோ டெபிட், கிரெடிட், லெட்ஜர், பாலன்ஸ் ஷீட் என்பவையே பழக்கம். இரண்டும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்பது விளங்கிவிட்டால், பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் துணையாகலாம். பிள்ளைகளும் பெரியவர்களின் கடைக்கும் குடும்பத்துக்கும் துணையாகலாம்.

பயிற்சிக் கணக்குகளில் மாணவர் தவறுவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் அன்று. கேட்கப்பட்ட கேள்வி யாது என்பதை உணராமல் எண்களை எடுத்து ஆளத் தொடங்குவதில்தான். ஒரே கடையின் ஒரே மாதத்து நடவடிக்கைகளைக் கொண்டு கணக்குப் பதிவியல் ஒன்று கேட்கிறது. வரிச் சட்டம் மற்றொன்று கேட்கிறது. புள்ளியியல் வேறொன்று கேட்கிறது. விடைகள் வெவ்வேறாக வருகின்றன. ஆயினும் எல்லாம் சரியான விடைகளே. இவ்வுண்மையை ஒரு கற்பனைக் கடையைக் கொண்டு ஆராய்வோம்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிய தெளிவு வேண்டும். தமிழ் வீடுகளில் வந்த பணத்தை 'வரவு' என்கிறோம். இரட்டைப் பதிவு முறையிலோ, கைக்கு வந்த ரொக்கத்தை ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுதுகிறோம். இது தலைகீழாகத் தோன்றுவதால் தமிழ் மாணவர் பலர் முதல் பாடத்திலேயே திகைக்கின்றனர். 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்னும் கணித அறிஞர் அச்சிட்டு விளக்கிய இம்முறையின் அடிப்படை எளியது: ஒவ்வொரு நடவடிக்கையிலும் பெறும் கணக்கு ஒன்று, தரும் கணக்கு ஒன்று. பெறுவதில் பற்று, தருவதில் வரவு. நாம் வங்கியில் பணம் செலுத்தினால் வங்கியின் ஏட்டில் நம் பெயருக்கு அது வரவு வைக்கப்படுகிறது; ஏனெனில் வங்கியைப் பொறுத்தவரை நாம் தந்தவர். அதே தொகையை நம் ஏட்டில் வங்கியின் பெயருக்குப் பற்று எழுதுகிறோம். ஏனெனில் நம்மைப் பொறுத்தவரை வங்கி பெற்றது. ஹிந்தி வழிப் பாடநூல்களில் 'நாம்' என்பது பற்று. 'ஜமா' என்பது வரவு. ஆகவே பயிற்சிக் கணக்கின் முதற்கேள்வி, 'இது யாருடைய ஏடு?' என்பதேயாம்.

இனிக் கடைக்கு வருவோம். மும்பையில் தமிழர் ஒருவர் 2,00,000 ரூபாய் முதலிட்டு ஏப்ரல் முதல் நாளன்று பனியன் கடை திறக்கிறார் என்று கொள்க. கடைக்கு முன்பணம் 50,000 ரூபாய். அலமாரிகள் 24,000 ரூபாய். திருப்பூரிலிருந்து 1,20,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, 80,000 ரூபாயை உடனே செலுத்தி, 40,000 ரூபாயைக் கடனாக வைக்கிறார். அம்மாதத்தில் 80,000 ரூபாய் அடக்கமுள்ள சரக்கை 1,20,000 ரூபாய்க்கு விற்கிறார். அதில் 90,000 ரொக்கம், 30,000 கடன். வாடகை 12,000, கூலியும் மின்கட்டணமும் 10,000, வீட்டுச் செலவுக்காக எடுத்துக் கொண்டது 15,000. அலமாரிகள் பத்தாண்டு உழைக்கும். எனவே மாதத் தேய்மானம் 200 ரூபாய். வரித் தொகைகளை இப்போதைக்கு விலக்கி வைப்போம். அம்மாத இலாபம் என்ன?

முதல் மாணவர் கல்லாப் பெட்டியை எண்ணுகிறார். 2,00,000 ரூபாயில் தொடங்கியது, மாத இறுதியில் 99,000 ரூபாயாகிவிட்டது. ஆகவே 1,01,000 ரூபாய் நட்டம் என்கிறார். இரண்டாம் மாணவர், வாங்கியதும் 1,20,000, விற்றதும் 1,20,000; ஆகவே வியாபாரத்தில் மிச்சமே இல்லை என்கிறார். மூன்றாம் மாணவர் இலாபத்தைச் சரியாகக் கணக்கிட்டு வந்து, இறுதியில் வீட்டுச் செலவு 15,000 ரூபாயையும் கழித்து 2,800 ரூபாய் என்கிறார். மூவரும் கூட்டல் கழித்தலில் பிழை செய்யவில்லை. முதல்வர் ரொக்கத்தை இலாபமென்று கொண்டார். இரண்டாமவர் விற்காமல் எஞ்சிய 40,000 ரூபாய்ச் சரக்கை மறந்தார். மூன்றாமவர் கடையையும் கடைக்காரரையும் ஒன்றாக்கினார்.

சரியான வழி இது: விற்பனை 1,20,000, விற்ற சரக்கின் அடக்கம் 80,000, மொத்த இலாபம் 40,000. அதிலிருந்து வாடகை 12,000, கூலி முதலியன 10,000, தேய்மானம் 200 ஆகியவை போக நிகர இலாபம் 17,800 ரூபாய். இதைச் சரிபார்க்க, முன்னோர் ஐந்தொகை என வழங்கிய இருப்புநிலைக் குறிப்பை எழுதுக. ரொக்கம் 99,000, முன்பணம் 50,000, அலமாரிகள் 23,800, சரக்கிருப்பு 40,000, வரவேண்டிய கடன் 30,000, ஆக, 2,42,800. எதிர்ப்பக்கத்தில் முதல் 2,00,000-உடன் இலாபம் 17,800 சேர்த்து, எடுப்பு 15,000 கழித்தால் 2,02,800, தரவேண்டிய கடன் 40,000, ஆக, 2,42,800. இருபுறமும் ஒத்துவருகின்றன.

ஆனால் ஒத்துவந்ததே சரியென்பதற்குச் சான்றாகாது. அலமாரி வாங்கிய 24,000 ரூபாயைச் சொத்துக் கணக்கில் எழுதாமல் செலவுக் கணக்கில் எழுதிவிட்டாலும், இருப்பாய்வின் பற்றும் வரவும் சமமாகவே இருக்கும். ஆயினும் தேய்மானத்திற்கு இடமின்றிப் போய், 17,800 ரூபாய் இலாபம் 6,000 ரூபாய் நட்டமாக மாறிவிடும். இத்தகைய தவற்றைக் கொள்கைப் பிழை என்பர். கூட்டுத்தொகை ஒத்தவுடன் மாணவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடலாகாது. ஒவ்வொரு பதிவும் எவ்வகைக் கணக்குக்கு உரியது என்பதை மீண்டும் ஒருமுறை நோக்கவேண்டும்.

அடுத்து வரி. 2017 ஜூலை 1 முதல் நாடெங்கும் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. சரக்கு மட்டும் விற்கும் வியாபாரி, மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்களில், ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் கடைக்காரர் தாமாகவே விரும்பிப் பதிவு செய்துகொண்டவர் என்று வைத்துக்கொள்வோம். பனியனுக்கு வரி 5 விழுக்காடு என்க. திருப்பூரிலிருந்து மும்பைக்கு வரும் சரக்கு மாநில எல்லையைக் கடக்கிறது. ஆகையால் 1,20,000 ரூபாய்க் கொள்முதல் மீது 6,000 ரூபாய் ஒருங்கிணைந்த வரி. மும்பைக்குள் விற்கும்போது மத்திய வரி 3,000, மாநில வரி 3,000; ஆக 6,000 ரூபாய். வாங்கும்போது கொடுத்த வரியை விற்கும்போது பெற்ற வரியில் கழித்துக்கொள்ளலாம். எனவே அம்மாதம் அரசுக்குச் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை.

மாணவர் இங்கே ஐயுறுவார்: 'மொத்த இலாபம் 40,000 ரூபாய் இருக்க, வரி எப்படி இல்லாமற்போகும்?' வரிச் சட்டம் கேட்டது இலாபத்தையன்று. அம்மாதம் பெற்ற வரிக்கும் கொடுத்த வரிக்கும் உள்ள வேறுபாட்டையே கேட்டது. விற்காத சரக்கின் மீது கொடுத்த வரியும் இப்போதே கழிக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய சரக்கை அடுத்த மாதம் 60,000 ரூபாய்க்கு விற்று, புதுச்சரக்கு வாங்காதிருந்தால், அப்போது 3,000 ரூபாயை முழுமையாகச் செலுத்த நேரும். இரு மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால், 1,20,000-க்கு வாங்கி 1,80,000-க்கு விற்றதில் கூடிய மதிப்பு 60,000. அதன் 5 விழுக்காடு 3,000. விடை பொருந்துகிறது. சரக்கு விற்றவருக்குரிய தொகையை 180 நாள்களுக்குள் செலுத்தாவிடில், கழித்துக்கொண்ட வரியைத் திரும்பக் கட்ட நேரிடும் என்பதையும் கடன்கொள்முதல் செய்வோர் நினைவிற்கொள்க. இவ்வரியின் மாநிலப் பங்கு, பொருள் உற்பத்தியான மாநிலத்துக்கன்று, அது நுகரப்படும் மாநிலத்துக்கே சேர்கிறது.

வருமான வரிக் கணக்கில் வேறொரு மயக்கம் உண்டு. ஒருவரின் வருமானம் உயர்ந்த படிக்குச் சென்றால், முழுத் தொகைக்கும் உயர்ந்த விகிதம் விழும் என்று பலர் அஞ்சுகின்றனர். 2025-26 நிதியாண்டின் வருமானத்திற்குரிய புதிய முறையில், முதல் 4 இலட்சத்துக்கு வரியில்லை. அடுத்த 4 இலட்சத்துக்கு 5 விழுக்காடு. அடுத்த 4 இலட்சத்துக்கு 10. அதற்கடுத்த 4 இலட்சத்துக்கு 15. ஆண்டுச் சம்பளம் 14,75,000 ரூபாய் பெறுபவர் நிலைக்கழிவு 75,000 போக 14,00,000 ரூபாய்க்கு வரி கணக்கிட வேண்டும். 14 இலட்சத்தை 15 விழுக்காட்டால் பெருக்கி 2,10,000 என்பது தவறு. முறையே 20,000, 40,000, 30,000 எனக் கூட்டினால் 90,000. அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை 3,600. ஆக 93,600 ரூபாய். ஒவ்வொரு படியும் அப்படிக்குள் அடங்கும் தொகைக்கே உரியது.

இறுதியாகப் புள்ளியியல். நம் கடையின் ஒரு வாரத்து விற்பனை, சிறியதிலிருந்து பெரியதாக, 2,000, 2,200, 2,500, 2,500, 2,800, 3,000, 13,000 ரூபாய் என்க. கடைசித் தொகை ஞாயிற்றுக்கிழமையினுடையது. மொத்தம் 28,000, கூட்டுச் சராசரி 4,000. நடுவில் நிற்கும் இடைநிலை அளவோ 2,500. ஏழு நாள்களில் ஆறு நாள்களின் விற்பனை சராசரிக்குக் கீழே கிடக்கிறது. எந்த எண் கடையின் உண்மை நிலையைக் காட்டுகிறது?

இதற்கு முன்னைய கணக்கே துணைநிற்கிறது. 80 ரூபாய் அடக்கத்தை 120 ரூபாய்க்கு விற்கும்போது, இலாபம் அடக்கத்தின் மீது 50 விழுக்காடு. விற்பனையின் மீதோ மூன்றில் ஒரு பங்கு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. மூன்று ரூபாய் விற்றால் ஒரு ரூபாய் மொத்த இலாபம். மாதச் செலவு 22,200 ரூபாய் ஆதலால், கடை தன் காலில் நிற்க 66,600 ரூபாய் விற்பனை வேண்டும். 30 நாள் மாதத்தில் நாளொன்றுக்கு 2,220. வீட்டுக்கு வேண்டிய 15,000-ஐயும் சேர்த்தால் 37,200. அதற்கு நாளொன்றுக்கு 3,720 ரூபாய் விற்க வேண்டும்.

இப்போது இரு அளவுகளையும் பொருத்திப் பாருங்கள். வழக்கமான நாளின் 2,500 ரூபாய் கடைச் செலவைத் தாங்குகிறது, குடும்பத்தைத் தாங்கவில்லை. சராசரியான 4,000 ரூபாய் குடும்பத்தையும் தாங்குகிறது; ஆனால் அச்சராசரியை உயர்த்தியது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. மும்பையின் பருவமழையில் ஒரே ஒரு ஞாயிறு கடை திறக்க இயலாமற்போனால் 13,000 ரூபாய் விற்பனையும், அதனோடு ஏறத்தாழ 4,333 ரூபாய் மொத்த இலாபமும் போகும். நிகர இலாபத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சியது 2,800 ரூபாய்தானே? அம்மாதம் குடும்பத்துக்கு 1,533 ரூபாய் துண்டு விழும். சராசரியை மட்டும் கண்டு மனநிறைவு கொண்டவர் இந்த ஆபத்தை அறியமாட்டார். இடைநிலை அளவையும் உடன் வைத்துப் பார்த்தவர், மழைக்காலத்துக்கு முன்பே சிறிது பணம் ஒதுக்கி வைப்பார். அல்லது வார நாள்களின் விற்பனையைப் பெருக்க வழி தேடுவார்.

கணக்குப் பயில்வோர் கைக்கொள்ளத்தக்க முறை சில உள. விடைப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, முதலில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்க: யாருடைய ஏடு? எந்தக் காலத்துக்கு உரியது? எதை அளக்கச் சொல்கிறது? பின்னர் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் அதற்குரிய காரணத்தை ஒரு வரியில் எழுதுக. விடை வந்தபின் மற்றொரு வழியால் அதைச் சரிபார்க்க. கூடிய மதிப்பைக் கொண்டு வரியைச் சரிபார்த்ததைப் போல. பிறகு கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, விடை எப்பக்கம் நகரும் என்பதை முன்கூட்டியே சொல்லிப் பார்க்க. வாடகை 12,000 என்பது 15,000 ஆனால், வீட்டுச் செலவு போக மிஞ்சும் 2,800 ரூபாய் என்னவாகும்? இவ்வாறு ஒரு கணக்கை நான்கு முறை ஆராய்வது, நாற்பது கணக்குகளை விடை நோக்கி விரைந்து போடுவதைக் காட்டிலும் பயன் தரும்.

பெரியவர்களும் இதில் பங்குகொள்ளலாம். மாதம் ஒருமுறை கடையேட்டையோ வீட்டுச் செலவேட்டையோ பிள்ளைகளின் முன் விரித்து வையுங்கள். பாடநூலின் கற்பனைக் கடையைவிடத் தம் வீட்டு ஏடு அவர்கள் கருத்தைக் கவரும். அவர்கள் டெபிட் என்று சொல்லட்டும். நீங்கள் பற்று என்று சொல்லுங்கள். கையில் உள்ள பணம் வேறு, ஈட்டிய இலாபம் வேறு, செலுத்த வேண்டிய வரி வேறு, நாளை எதிர்பார்க்கத்தக்க வருவாய் வேறு என்பதை இரு தலைமுறையும் ஒரே மேசையில் உணர்ந்துவிட்டால், தேர்வில் பிள்ளை தவறமாட்டான். பருவமழையில் கடையும் தள்ளாடாது.